நெற்றியோடு நெற்றி

பாலகுமார் பல் துலக்குகிறான், பாலைக் காய்ச்சுகிறான், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். வைட்ஃபீல்டுக்குப் போகும் அலுவலக வண்டியைப் போகவிட்டு, மல்லேஸ்வரத்து மல்யுத்தக் கூடத்தின் வாசலில் வந்து நிற்கிறான். ஓட்டுக்கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் செம்மண் புழுதி மிதக்கிறது. எண்ணெயும் மஞ்சளும் வியர்வையும் கலந்த வாடை; போன மாதம் வரை மனைவி பிரபாவின் துணிகளில் வந்த அதே வாடை. சுவரில் அவள் ஒட்டிய படம் இன்னும் இருக்கிறது. பழைய கிரேக்க ஜாடி ஒன்றில் இரண்டு மல்லர்கள் நெற்றியோடு நெற்றி முட்டி நிற்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக அவர்கள் விலகவேயில்லை. பிரபாவும் மமதாவும் தினமும் காலையில் அப்படித்தான் நின்றார்கள். மமதாவின் தோளில் பிரபாவின் நகம் கீறிய தழும்பு இருக்கிறது. அவனிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. களத்தில் மயங்கி விழுந்தவளை ஆட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு போனவளும் மமதாதான். ஆஸ்பத்திரி வருமுன் பிரபா போய்விட்டாள்.

கை மண்ணைத் தட்டிக்கொண்டே மமதா வருகிறாள். பிரபாவை அக்கா என்றவளுக்கு இவன் பாவா.

"வாங்க பாவா. காபி ஆச்சா?"

"ஆட்டோல கடைசியா அவ என் பேரைச் சொன்னதா சொன்னியே. நெசமா?"

விரலில் ஒட்டிய மண்ணை அவள் உருட்டுகிறாள். "இல்ல பாவா. உங்க மனசு ஆறட்டும்னு சொன்னேன்."

"அப்ப என்னதான் சொன்னா?"

மமதாவின் கை தோள் தழும்புக்குப் போகிறது.

"'இன்னிக்கு ஜெயிச்சுட்டேன்னு ஆடாதடி. நாளைக்கு உன்ன விட மாட்டேன்.'"