தனி லைன்

பின்னறையில் ரம்பத்தையும் தூசி உறிஞ்சும் மெஷினையும் தச்சர் சேர்த்து ஓட்டுவார். அந்த நேரத்தில் சமையலறையில் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால் போச்சு, வீடே ட்ரிப் ஆகிவிடும். எல்லாம் ஒரே லைன். அதனால் முதலில், "போடப் போறேன்" என்று குரல் கொடுப்பார். மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு, "ம்" என்பாள்.

மனைவி இறந்த பிறகும் வாய்ப் பழக்கம் போகவில்லை. குரல் கொடுத்து, சற்று நின்று, ரம்பத்தைப் போடுவார்.

வீட்டோடு வந்து தங்கிய மகள்தான் கேட்டாள்.

"ஏம்ப்பா, நான் துணி தேய்க்க ஆரம்பிச்சா வந்து சுவிட்சை அணைச்சுட்டுப் போறீங்க? இன்னைக்கும் கசங்கின சட்டையோடதான் ஆபீஸ் போனேன்."

"நான் இந்த ரூமை விட்டே நகரலையேம்மா."

மகள் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தாள். அவர் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ரம்பத்துக்குத் தனி லைன் இழுத்துடலாங்க. அப்புறம் யாரும் எதையும் அணைக்க வேண்டாம்."

தச்சர் கையிலிருந்த மரத்தூளை மெதுவாகத் தட்டினார். "வேண்டாம்ப்பா. இப்படியே இருக்கட்டும்."

மகள் முனகிக்கொண்டே எலக்ட்ரீஷியனை வழியனுப்ப வாசலுக்குப் போனாள். தச்சர் பின்னறைக் கதவருகே வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். ஆளில்லாத மேசையில், மகள் போட்டுவிட்டுப் போன இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மதிய வெயிலில் தூசி மிதந்தது.

"போடப் போறேன்."

சுவிட்ச் டக்கென்றது. சிவப்பு விளக்கு அணைந்தது.

தச்சர் இன்னும் ரம்பத்தைத் தொடவில்லை. "ம்" வரட்டும் என்று காத்திருந்தார்.