ஈரத் துணி

லிஸ்பனின் அந்தக் குறுகலான சந்தில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருத்தி சக்கரப் பெட்டியைக் கடகடவென்று இழுத்து வந்தாள்.

"வந்துட்டா இன்னொரு டூரிஸ்ட்!" எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து செலஸ்தே கத்தினாள். "எங்களைத் துரத்திட்டுத்தான் உங்களுக்கு வீடு தர்றாங்க!"

வந்தவள் தொப்பியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு, விடுதியாக மாறியிருந்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

விடுதி ஆள் புருனோ சாவி கொடுத்தான். "ஜன்னல்ல துணி மட்டும் காயப்போடாதீங்க மேடம். அசிங்கம்."

கதவு மக்கர் செய்தது. அவள் அடியில் ஓர் உதை விட்டாள், திறந்துகொண்டது. நேரே ஜன்னலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். அத்தனையும் ஈரத் துணி! கயிறு கட்டி உதறிப் போட்டாள்.

"ஐயோ, முதலாளி திட்டுவாரு!" பின்னாலேயே வந்த புருனோ பதறினான்.

அவள் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி எறிந்தாள்.

"ஒடிலியா! நீயாடி?" செலஸ்தே அலறினாள்.

"நானேதான்டி!" என்றவள் புருனோவிடம் திரும்பினாள். "இதே வீட்டைவிட்டு என்னைத் துரத்தினாரே, அந்த முதலாளிகிட்டச் சொல்லு. துணி காஞ்சாத்தான் கிளம்புவேன். மழை பெஞ்சா உங்க பாடு!"