ஒரே சட்டிச் சோறு

"அவன் உள்ள வந்தான்னா, எங்கம்மாவ வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடுவேன்."

தேவேந்திரன் நர்சிடம் சத்தம் போடவில்லை. பஸ்ஸில் "உள்ள போ" என்று சொல்கிற அதே கண்டக்டர் குரல்.

'அவன்' என்பது கூடப்பிறந்த தம்பி கலியபெருமாள். செஞ்சிக் கோட்டையில் டிக்கெட் பார்க்கிற வேலை. வேலை முடிந்ததும் நேராக வந்து ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே வரமாட்டான்.

கலைவாணி புருஷனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் கிணற்றுத் தண்ணீரில் ஆரம்பித்த சண்டை, ஒரே வீட்டை இரண்டாக்கி நடுவில் சுவராக நின்றது. கலியபெருமாளின் பெண்டாட்டி செத்தபோதுகூட தேவேந்திரன் தெருவிலேயே நின்று மாலையைக் கொடுத்தனுப்பியவர். "நம்ம ஊட்லேர்ந்து அந்தாண்ட ஒரு சொட்டுத் தண்ணி போவக் கூடாது" என்பது அவர் உத்தரவு.

மாமியார் மீனம்பாள், நீர்க்கடுப்பில் ஆரம்பித்த கிருமி ரத்தத்தில் கலந்து, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். இன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து காபி கேட்டாள்.

டாக்டர் அனு ரிப்போர்ட்டோடு வந்தார்.

"சி.ஆர்.பி. நல்லா எறங்கியிருக்கு."

"அப்டின்னா இன்னாங்க?" என்றாள் கலைவாணி.

"உடம்புக்குள்ள எவ்ளோ அழற்சி இருக்குன்னு ரத்தத்துல தெரியற அளவும்மா. எறங்கினா நல்லது. இன்னொரு உதவி வேணும். இந்த நோய் வந்தவங்களுக்கு வயித்துல இருக்கற நல்ல கிருமிங்க எப்படிக் குலையுதுன்னு ஆராய்ச்சி பண்றோம். அம்மாவோட சாம்பிள் மொத நாளே எடுத்தாச்சு. ஒத்துப் பாக்க, அதே சாப்பாடு சாப்பிடற, நோய் இல்லாத ஒருத்தரோடது வேணும்."

"எதுங்க வேணும்?"

"மலம்."

தேவேந்திரன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கோட்டை மலை ராஜகிரி அதே இடத்தில்தான் இருந்தது.

"என்னுத எடுத்துக்கோங்க" என்றார்.

"சமீபத்துல ஆன்டிபயாடிக் எதாவது போட்டீங்களா?"

"போன வாரம் பல்லு புடுங்கினேன். அதுக்குப் போட்டேன்."

"அப்ப சரிப்படாது சார். நீங்கம்மா?"

"எனுக்கு சக்கர வியாதி."

"அதுவும் ஆவாது. வேற யாரும் இல்லையா? ஜோடி கெடைக்கலன்னா அம்மாவோடதையும் சேத்துக்க முடியாது."

கட்டிலிலிருந்து மீனம்பாள் ஈன சுரத்தில் சொன்னாள். "நாளைக்கு என்ன மாதிரி வந்து படுக்கறவங்களுக்கு ஒதவும்னுதான இந்த டாக்டர் பொண்ணு கேக்குதுடா. குடுங்களேன்."

கலைவாணிக்குத் தெரியும். ஒருத்தன் இருக்கிறான். அவன் பெண்டாட்டி செத்த நாளிலிருந்து, தேவேந்திரன் டூட்டிக்குக் கிளம்பியதும் பின்பக்கச் சுவருக்கு மேலே சோறும் குழம்பும் போகிறது. மாமியாருக்குத் தெரியும். இந்த இடத்தில் வாயைத் திறந்தால், மாமியார் பிழைத்து வீடு திரும்பும்போது தான் அந்த வீட்டில் இருப்போமா என்பது சந்தேகம்.

"யாரும் இல்லிங்க" என்றாள்.

மீனம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் கிளம்பத் திரும்பினார்.

"இருங்க டாக்டர்" என்றார் தேவேந்திரன். "வாசல்ல வேப்பமரத்தடியில ஒருத்தன் ஒக்காந்திருக்கான். அவன உள்ள கூப்டுங்க. சக்கர கிக்கர ஒண்ணும் கெடயாது அவனுக்கு. அவன் துன்றதும் இவ பொங்கற சோறுதான்."

டாக்டர் போய்விட்டார். கலைவாணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எப்டி..."

தேவேந்திரன் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டபடி சொன்னார்.

"பின்ன, நம்ம மூணு பேருக்கு எதுக்கு நாலு மீனு வாங்கினு வர்றேன்னு நெனச்ச?"