பீரோவுக்குப் பின்னால் இருந்த கறை

மூன்றாவது முறை பெயிண்ட் அடித்தும் அந்தக் கறை மேலே வந்துவிட்டது. யாரோ தரையில் உட்கார்ந்து தினமும் தலை சாய்த்ததுபோல வட்டமான எண்ணெய்க் கறை. வாடகைக்கு வந்த இந்த நான்கு வருடமும் அந்தச் சுவரை ஒட்டித்தான் பீரோ நின்றது. அங்கே ஒரு பூனைகூட உட்கார முடியாது. அந்த வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமும் யாருக்கும் இல்லை.

"அம்மா, இங்க யாரும்மா உக்காந்திருப்பாங்க?" என்றாள் மகள். பிரஷைக் கீழே வைத்தாள்.

"யாரு உக்காருவா? அட்வான்ஸ்ல கைவைக்க அந்த வீட்டுக்காரரே தடவிட்டுப் போயிருப்பாரு. முழுப் பணமும் வரலைன்னா சாயந்திரம் புது வீட்டுச் சாவி கிடைக்காதுடி. அய்யோ, படியேறி வர்றாரு. நீ அதுமேல சாஞ்சு உக்காரு!"

உட்கார்ந்தாள். கறை அவள் தலைக்கு அளவெடுத்ததுபோல இருந்தது. சுவர் லேசாகச் சுட்டது.

வீட்டுக்காரர் ஆணி ஓட்டைகளை விரலால் தடவினார். குழாய்களைத் திறந்து மூடினார். கடைசியில் அவள் முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, வீட்டை விட்டுப் போக மனசில்லையா? கொஞ்சம் எந்திரி, பாப்போம்."

அம்மாவின் முகம் வெளுத்தது. மகள் எழுந்தாள்.

சுவர் பளிச்சென்று இருந்தது.

முழுப் பணமும் கைக்கு வந்தது. படியிறங்கும்போது அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பயந்தாங்கொள்ளி, காய்ஞ்சதும் சரியாப் போச்சு பாரு."

மகளின் பின்தலையைச் செல்லமாகத் தட்டிய கை அப்படியே நின்றது. விரல்களெல்லாம் மினுமினுத்தன.

"காலையிலதானேடி தலைக்குக் குளிச்சே? இவ்ளோ எண்ணெய் யாருடி வச்சுவிட்டது?"