நக்சோஸில் இறங்காதவள்

"பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க டாக்டரம்மா? இது நக்சோஸ். நம்ம தீவு இன்னும் வரலையே."

அர்கிரோ நின்றாள். கப்பலின் பின்கதவு துறைமேடையில் இறங்கியிருந்தது. லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் வெளியேறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு எதிராக உள்ளே ஏறி வந்த ஒருவர்தான் வழியை மறித்துப் பேசினார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெறும் கையோடு வந்திருந்தார்.

"நான் டாக்டர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னிக்குப் புது டாக்டர் வர்றாங்கன்னு தீவு முழுக்கத் தெரியும். இவ்வளவு பெரிய பெட்டியோட, இவ்வளவு பயந்த முகத்தோட வேற யார் வருவாங்க? நான் லெஃப்தேரிஸ். அங்கதான் இருக்கேன்."

மறைப்பதில் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்திலேயே ஏதென்ஸுக்குத் திரும்பும் கப்பல் நின்றிருந்தது.

"நான் வரலைங்க. அந்தக் கப்பல்ல ஏறி வீட்டுக்கே போயிடப் போறேன்."

"கிராமத்துல ஒரு வருஷம் வேலை பார்த்தாத்தானே மேற்படிப்பு? அது என்னாகும்?"

"போனாப் போகட்டும். காத்து அடிச்சா நாள்கணக்கா கப்பல் வராதாமே. யாருக்காவது மாரடைப்பு வந்தா நான் ஒருத்தி என்ன செய்வேன்?"

"வந்திருக்கு. குளிர்காலத்துல, ரொட்டிக்கடை பரஸ்கெவாஸுக்கு. ஹெலிகாப்டர் இறங்க முடியாத காத்து. டாக்டர் விடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தார். பரஸ்கெவாஸ் இன்னிக்கும் ரொட்டி சுடறான். சுமாரான ரொட்டிதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்த டாக்டருக்குப் பயமே இல்லையா?"

"இருந்துச்சு. தெரிஞ்சதைச் செஞ்சார். தெரியாததை நக்சோஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். அவ்வளவுதான்."

"ஊர்க்காரங்க எப்படி?"

"இருநூறு பேர். உண்மையான நோயாளி நாலஞ்சு பேர் தேறுவாங்க. மிச்சப்பேர் கதை பேச வருவாங்க, கையில பாலாடைக்கட்டியோட. வேண்டாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க. உங்க வீட்டு ஃபிரிட்ஜை மூட முடியாது, பாருங்க."

"உங்களுக்கு அந்த ஊர் அவ்வளவு பிடிக்குமா?"

"ஒரு வருஷம் இருக்கலாம்னுதான் போனேன். ரெண்டு வருஷம் ஆச்சு. விட்டுட்டு வர முடியலையே."

அந்தக் குரலில் பொய் இல்லை என்று அர்கிரோ நினைத்தாள்.

"இறங்குறவங்க இறங்குங்க. கதவைத் தூக்கப் போறோம்" என்று கப்பல் சிப்பந்தி கத்தினான்.

அவள் பக்கத்துக் கப்பலைப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்தாள். சங்கிலிகள் கடகடக்க, கதவு மேலேறி மூடிக்கொண்டது. லெஃப்தேரிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசித் துறையான அந்தச் சின்னத் தீவில் பாதி ஊரே கரையில் கூடியிருந்தது. அவளுடைய பெட்டியை அவரே சுமந்து இறக்கினார். நர்ஸ் உடையில் இருந்த ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டாக்டர், பெட்டி எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன்."

"என் பெட்டி இங்கதானே இருக்கு?" என்றாள் அர்கிரோ.

"உங்களைச் சொல்லலைம்மா" என்ற நர்ஸ், லெஃப்தேரிஸிடம் இரண்டு பெட்டிகளை நீட்டினாள். "நீங்களே நக்சோஸ் வரைக்கும் போனது நல்லதாப் போச்சு, டாக்டர். இதுக்கு முன்னாடி உங்களுக்குப் பதிலா வந்த ரெண்டு டாக்டருங்களும் அங்கேயே இறங்கி ஓடிட்டாங்களே."

அவர் மருத்துவமனைச் சாவியை அர்கிரோவின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, திரும்பிப் புறப்படவிருந்த அதே கப்பலுக்குள் பெட்டிகளோடு ஓடினார்.