ஏழாம் நம்பர் மலை

"சாவு வீட்டு வாசல்ல நின்னு வேலைப் பெரட்டுக்குக் கூப்புடுறீங்களே கங்காணி, நீங்கள்லாம் மனுசனா?"

பாக்கியலெட்சுமி கேட்டாள். உள்ளே அவள் அப்பா தம்பையா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. சாவு விழுந்தால் அன்று யாரும் வேலைக்குப் போவதில்லை. போராடி வாங்கிய உரிமை. வாங்கித் தந்ததே தம்பையாதான்.

மாசிலாமணி கங்காணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாரும் கூடையோட வாங்க. ஏழாம் நம்பர் மலை."

"துரைக்கு வால் புடிக்கிறவன்தானே நீ! ஏழாம் நம்பர்ல முந்தாநாளுதான் கொழுந்து எடுத்தோம். அங்க என்னா இருக்கு..." லயத்து வீடொன்றுக்குள்ளிருந்து வந்த குரல் பாதியில் நின்றது.

வாசலில் பொலிஸ் சார்ஜன்.

"அவசரகாலச் சட்டம். காலையிலயே பொதைக்கணும். பொணத்தோட அஞ்சு பேர்தான். கூட்டம் கூடினா உள்ள போடுவேன்."

"போன கிழமை பதுளையில மந்திரியோட அப்பா செத்ததுக்கு, ரோட்ட மூடி நீங்களே கூட்டத்துக்கு வழி விட்டீங்களே சேர்?" பாக்கியலெட்சுமி விடவில்லை.

"அது வேற."

வேலைக்குப் போகிற கூட்டத்தை மட்டும் சட்டம் கூட்டமாக எண்ணவில்லை. தேயிலை நிற்கக் கூடாது அல்லவா!

ஒவ்வொருவராகக் கூடையை எடுத்தார்கள்.

"நீங்களுமா?" என்றாள் பாக்கியலெட்சுமி. கூடைகள் மலைப்பாதையில் ஏறின.

நாலு பேர் தூக்கினார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு. நீர்க்குடம் அவள் தோளில். தப்பு மேளச் சத்தம் இல்லை. பாதையைப் பனி விழுங்கியிருந்தது. மேகத்துக்குள் நடப்பது போலிருந்தது.

"ஊரையே கூட்டி வச்சுப் பேசுன மனுசன். நாதியத்துப் போறாரே..." தூக்கியவர்களில் ஒருவர் முனகினார்.

குழியருகே இறக்கியபோது காற்று வீசியது. பனி மெல்ல விலகியது.

மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சுற்றிலும், செடிகளிலேயே முளைத்தவர்கள் போல, தோட்டத்துச் சனம் முழுவதும் நின்றது. முதுகில் வெறுங்கூடைகள். கொழுந்தில்லாத செடிகளின் மேல் கைகள் கனவில் போல அசைந்தன.

இடுகாட்டைச் சுற்றி இருப்பதுதான் ஏழாம் நம்பர் மலை.

"கங்காணி! என்ன கூட்டம் இது?" பின்னாலேயே வந்திருந்த சார்ஜன் கத்தினார்.

"கூட்டம் இல்லீங்க சேர், வேலை நடக்குது" என்றபடி மலையிலிருந்து இறங்கி வந்த மாசிலாமணி, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் பிடி மண்ணை அள்ளினார்.