இரண்டாவது ஃப்ரீ த்ரோ

லாக்கப்பில் செத்த பையனின் பெயரைப் பனியனில் எழுதிக்கொண்டு ஆடியதற்காக விலக்கப்பட்ட ஜெசிந்தா, கேலரியில் உட்கார்ந்து தன் அணியின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுரும்மா, நாளைக்கே எறங்கிரலாம்," என்றார் பக்கத்திலிருந்த மேனேஜர்.

"அவன் அம்மாகிட்ட யாரு சார் கேக்குறது?"

கீழே அவள் அணியின் செண்பகவல்லிக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் முதலாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது. விழுந்தாலும் விழாவிட்டாலும் போட்டவளின் உள்ளங்கையை மற்றவர்கள் வந்து தட்டிவிட்டுப் போவது வழக்கம். ஜெசிந்தாவின் கை தானாக நீண்டது. அவள் இடத்தில் ஆடும் புதுப்பெண்தான் கடைசியாகத் தட்டினாள். அதன்பிறகும் செண்பகவல்லி கையை இறக்கவில்லை. கேலரியைப் பார்த்து விரித்தே வைத்திருந்தாள். நடுவர் விசிலடித்துப் பந்தை நீட்டினார். அவள் இன்னொரு கையால் வாங்கிக்கொண்டாள்.